தன் கணக்கைத் தானே எழுதியவர்

சித்திராபௌர்ணமியன்று கோயில் மண்டபத்திலே சித்திரபுத்திரனார் கதை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உயிர்கள் செய்த நன்மை தீமைகளை ஒன்றும் விடாது ஏட்டிற் பதிந்து வைப்பவர் அவர். அந்த ஏட்டை மறுமையிலேதான் காணலாம் என்பர். இம்மையிலேயே, தம் கத்தியின் கீழ்ப் பிழைத்தவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்று தாமே எழுதி, அச்சிட்டு, உலகறிய வெளியிட்ட சத்திரவைத்தியர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டிலே ஜேர்மனியிற் பிறந்தார். அவரே பேராசிரியர் தியோடர் பில்றோத்.

மிசன் பாடசாலையிலே படித்த காலத்தில் ஜென்னரையும் லிஸ்ரரையும் நாம் அறிவோம், பில்றோத்தை அறியோம். பின்னர் மருத்துவ பீடத்து நண்பர்கள் இரைப்பைச் சத்திரசிகிச்சைகளை முதலாம் பில்றோத், இரண்டாம் பில்றோத் என்று எண்ணிட்டுப் பேசக் கேட்டேன். ஏதோ அரச பரம்பரைபோல ஒலிக்கும் இப்பெயருக்கு உரியவர் யார் என்று அப்பொழுதுதான் தேடலானேன்.

பால்டிக் கடலிலுள்ள றூகன் தீவிலே, பேர்கன் என்னும் சிற்றூரில், 1829ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் லூதர் சபையைச் சேர்ந்த பாதிரியார். மகனுக்கு ஐந்து வயதானபோது அவர் காலமானார். கைம்பெண்ணான தாயார் பிள்ளைகளுடன் கிறைவ்ஸ்வால்ட் நகரிற் குடியேறினார். பள்ளியிலே பில்றோத் கெட்டிக்காரர் அல்லர். கணிதமும் மொழிகளும் அவருக்கு ஏறவில்லை; தனியாக ஆசிரியர் வைத்துப் படிப்பிக்க வேண்டியதாயிற்று. பியானோவின் முன் அமர்ந்தால் மட்டும் எழும்பமாட்டார். இசைவாணராக வேண்டும் என்பதே அவர் ஆசை. பிள்ளை சோற்றுக்கு வழி தேடவேண்டுமே என்று தாயும் உற்றாரும் வற்புறுத்தியபடியால் மருத்துவம் படிக்கச் சென்றார். பெற்றோர் சொல்லுக்காக ஒரு துறையில் இறங்கிப் பெருமூச்சு விடும் நம்மவர் பலர்க்கு இச்செய்தி சற்று ஆறுதலளிக்கக்கூடும்.

கிறைவ்ஸ்வால்ட், கொற்றிங்கன், பேர்லின் ஆகிய சர்வகலாசாலைகளிற் பயின்று 1852இல் பட்டம் பெற்றார். மகன் பட்டம் பெற்றதைக் காணத் தாயார் இருக்கவில்லை. முந்திய ஆண்டிலேயே சயரோகத்தால் இறந்துவிட்டார். பேர்லினிலே சொந்தமாக வைத்தியம் செய்யத் தொடங்கி இரண்டு மாதம் காத்திருந்தும் நோயாளி ஒருவரேனும் வரவில்லை. நல்ல காலமாக, அந்நாளிற் புகழோங்கி நின்ற சத்திரவைத்தியப் பேராசிரியர் லாங்கன்பெக்கிடம் உதவியாளராகச் சேரும் வாய்ப்புக் கிட்டியது. பகலிலே சத்திரசிகிச்சைக் கூடம், மற்ற வேளையிலே நுணுக்குக்காட்டி என்று ஆண்டுகள் சென்றன. 1858இல் திருமணம் நிகழ்ந்தது. 1860இல், 31ஆம் வயதில், சுவிற்சலாந்திலுள்ள சூரிச் நகரிலே பேராசிரியரானார்.

சூரிச்சிலேதான் அவர் உலகுக்கு வேண்டியவரானார் என்பது என் எண்ணம். 1863இல் அவர் வெளியிட்ட சத்திரவைத்திய விரிவுரை நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. எனினும் அதனிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. அக்காலத்து வைத்தியர்கள் தங்கள் வெற்றிகளையே சஞ்சிகைகளுக்கு எழுதினார்கள். பத்துப் பேருக்குச் சத்திரசிகிச்சை செய்து ஒன்பது பேர் இறந்தால், பிழைத்த ஒருவரின் கதையே அச்சேறும். அதைப் படித்த இளம் வைத்தியன் தானும் அவ்வாறே செய்யத் துணிவான். அவன் கையிலும் நோயாளிகள் மடிவார்கள். மறைக்கப்பட்ட மரணம் ஒன்று வேறு மரணங்களைப் பெறுகின்றது. இதை பில்றோத் கண்டார். 1860 முதல் 1867 வரை தம் வைத்தியசாலைக்கு வந்தவர்களின் விவரத்தை முழுமையாகத் தொகுத்து 1869இல் வெளியிட்டார். சீழ்ப்பிடித்து இறந்தவர், தம் தவறான கணிப்பினால் இறந்தவர், குணமாகி வீடு சென்று மீண்டும் அதே புற்றுநோயால் வாடியவர் அனைவரும் அதில் இடம்பெற்றனர். வைத்தியசாலைப் படியிறங்கியவுடன் கணக்கை மூடிவிடலாகாது. ஆண்டுகள் சென்றபின்னும் நோயாளியின் நிலையை விசாரித்தறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று புற்றுநோய் வைத்தியர்கள் ஐந்தாண்டுக் கணக்குப் பார்க்கின்றார்களே, அந்த வழிக்கு முன்னோடியாக நின்றவர்களுள் அவர் ஒருவர்.

1867இல் வியன்னா சர்வகலாசாலை அவரை அழைத்தது. முந்திய ஆண்டிலேதான் பிரஷ்யா ஒஸ்திரியாவைப் போரில் வென்றிருந்தது. தோற்ற நாட்டின் தலைநகருக்கு வென்ற நாட்டவர் பேராசிரியராகச் சென்றார்! இறக்கும்வரை அந்நகரே அவர் ஊராயிற்று. 1870இல் பிரான்சுடன் போர் மூண்டபோது தாமாகவே முன்வந்து வைசன்பேர்க், மன்ஹைம் ஆகிய இடங்களிற் காயமுற்ற வீரருக்குச் சிகிச்சை செய்தார்.

வியன்னாவிலே ஒரு நிழலும் இருந்தது. பிரசவ விடுதியில் வைத்தியர்களின் கையே நஞ்சைக் கொண்டு செல்கின்றது என்று நிறுவிய செம்மல்வைஸ் என்பாரை அந்நகரம் ஏற்கவில்லை. பில்றோத் அங்கு வருமுன்னரே அவர் இறந்துவிட்டார். பில்றோத்தும் கிருமி விஷயத்திலே உடனே தெளிவடைந்தாரில்லை. அழுகிய புண்களில் நுண்ணுயிர்களைப் பல ஆண்டு ஆராய்ந்து 1874இல் ஒரு பெருநூல் எழுதினார். மணிமாலைபோற் கோவையாகக் கிடக்கும் ஒருவகைக் கிருமிக்கு அவர் இட்ட ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆயினும் அவையெல்லாம் ஒரே உயிரின் பல வடிவங்கள் என்று அவர் கொண்ட முடிவு பிழையானது. லிஸ்ரரின் காபோலிக் முறையையும் முதலில் ஐயத்துடனேயே நோக்கினார். பின்னர் அதன் பயனைக் கண்டு தம் கூடத்திலும் மேற்கொண்டார்.

1873ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, புற்றுநோய் கண்ட ஒருவரின் குரல்வளையை முழுவதும் அகற்றினார். அதுவே புற்றுநோய்க்காக அவ்வாறு செய்யப்பட்ட முதலாவது சிகிச்சை. அவருடைய மாணாக்கர் குசன்பவர் செயற்கைக் குரல்வளை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். நோயாளி சில மாதங்களே வாழ்ந்தார்.

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய காரியத்துக்கு வருவோம். இரைப்பையின் கீழ்வாயிலிற் புற்றுநோய் வளர்ந்தால் உண்ட உணவு உள்ளே இறங்காது. நோயாளி பட்டினியால் மெலிந்து சாவதை வைத்தியர்கள் கைகட்டிப் பார்த்திருந்தனர். அப்பகுதியை வெட்டியெடுத்து எஞ்சியதைக் குடலோடு தைத்தால் என்ன? இரைப்பையின் சாறு தையலைக் கரைத்துவிடும் என்று பலர் அஞ்சினர். பாரிஸ் நகரத்துப் பேயான் 1879இலும், போலந்து நாட்டவரான றிடிகியர் 1880இலும் துணிந்து பார்த்தனர். இருவர் நோயாளிகளும் இறந்தனர். பில்றோத் அவசரப்படவில்லை. மாணாக்கரைக் கொண்டு நாய்களிற் பரிசோதித்தார். வியன்னாவின் பிணப்பரிசோதனைக் குறிப்புகளை, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றை, ஆராயச் செய்தார். இவ்விடத்துப் புற்றுநோய் வேறிடம் பரவாமலே ஆளைக் கொல்வதும் உண்டு என்பது அதனாற் புலனாயிற்று. அதாவது, வெட்டியெடுப்பதிற் பொருளுண்டு. 1877இல் ஒருவரின் இரைப்பையில் இருந்த துவாரத்தைத் தைத்து மூடி, அத்தையல் ஆறும் என்பதையுங் கண்டறிந்தார்.

1881ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி அந்த நாள் வந்தது. நோயாளி 43 வயதுடைய பெண். பல பிள்ளைகளின் தாய். புளித்த பாலைத் தவிர வேறெதுவும் வயிற்றில் நில்லாத நிலை. குளோரோபோமுடன் ஈதரும் மதுசாரமுஞ் சேர்ந்த கலவையால் மயக்கினர். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நோயுற்ற பகுதியை அகற்றி, பட்டு நூலால் ஐம்பது அளவிலான தையல்களிட்டு, இரைப்பையையும் குடலையும் இணைத்தார் பில்றோத். அம்மாது பிழைத்தார், உண்டார், வீடு சென்றார். ஒரு வாரம் செல்லுமுன்னரே மருத்துவ வாரப் பத்திரிகைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிச் செய்தியை உலகுக்கு அறிவித்தார் பில்றோத்.

ஆனால் கணக்கு அங்கே மூடப்படவில்லை. ஏறக்குறைய நான்கு மாதத்தில் நோய் திரும்பி அப்பெண் இறந்தார். அடுத்ததாகச் சிகிச்சை பெற்ற இருவரும் பிழைக்கவில்லை. அவையும் மறையாமற் பதிவாயின. அதனாலேயே பிறர் அம்முறையைத் திருத்தினர். அவ்வாண்டிலேயே மாணாக்கர் வூல்ப்லர், இரைப்பையை வேறிடத்தில் குடலோடு இணைக்கும் வழியைக் கண்டார். அதிலிருந்தே 1885இல் இரண்டாம் பில்றோத் முறை பிறந்தது.

அவர் மாணாக்கர் சேர்னி ஹைடல்பேர்க்கிலும், மிக்குலிற்ஸ் பிரெஸ்லவிலும், குசன்பவர் பிராக்கிலும் பேராசிரியர்களாயினர். தாதியர் பயிற்சியிலும் அவர் கருத்துச் செலுத்தினார். எந்தச் சமயத்தவரும் சேர்ந்து பயிலக்கூடிய றுடோல்பினர் இல்லம் என்னும் கலாசாலை 1882இல் அவர் முயற்சியாலே தொடங்கியது.

இத்தகையவரிடத்தும் ஒரு களங்கம் உண்டு. அதை மறைத்து எழுதினால் அவர் வழிக்கே நான் துரோகம் செய்தவனாவேன். மருத்துவக் கல்வியைப் பற்றி 1876இல் எழுதிய நூலிலே, ஹங்கேரியிலும் கலீசியாவிலும் இருந்து வந்த ஏழை யூத மாணவர்களை இழிவாகக் குறிப்பிட்டார். யூதர் மெய்யான ஜேர்மானியர் ஆகமாட்டார் என்றும் எழுதினார். சர்வகலாசாலையிலே கலகம் மூண்டது. யூத மாணவர் தாக்கப்பட்டனர். ஒரு சாதியாரின் உள்ளத்தை எந்த அட்டவணை கொண்டு அவர் அளந்தாரோ! பிற்காலத்திலே மனம் மாறி, யூதர்மீது பகை வளர்ப்பதை எதிர்க்க 1891இல் வியன்னாவில் அமைந்த சங்கத்திற் சேர்ந்தார். ஆனால் அச்சிட்ட சொல் அச்சிட்டதுதான். அவர் எழுதியதை எடுத்துக்காட்டிப் பேசியவர்கள் பின்னரும் இருந்தனர்.

இசையை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. சூரிச்சிலே வியோலா கற்று நண்பர்களோடு வாசித்தார். பத்திரிகைக்கு இசை விமரிசனமும் எழுதினார். இசைமேதை பிராம்ஸ் அவருக்கு உற்ற நண்பர். பிராம்ஸின் புதிய ஆக்கங்கள் பல முதலில் பில்றோத் வீட்டுக் கூடத்திலேதான் ஒலித்தன. 1873இல் வெளிவந்த இரண்டு நாற்கருவி இசைகளை அந்த நண்பருக்கே பிராம்ஸ் உரிமையாக்கினார். தாய் மறுத்த வாழ்வு மாலை வேளைகளில் அவரைத் தேடி வந்தது போலும்.

1887இல் நிமோனியாக் காய்ச்சல் கண்டு மரணத்தின் வாயிலுக்குச் சென்று மீண்டார். அதன்பின் இருதயம் பழைய நிலைக்கு வரவில்லை. 1894 பெப்ரவரி 6ஆந் திகதி, அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள அப்பாசியாவிலே, 64ஆம் வயதில் உயிர் நீத்தார். உடலை வியன்னாவுக்குக் கொணர்ந்து அடக்கஞ் செய்தனர். அந்நகரின் மருத்துவ வரலாற்றுச் சேகரிப்பிலே இரண்டு பொருள்கள் பேணப்பட்டுள்ளன. ஒன்று, 1881 சனவரியில் அம்மாதின் உடலிலிருந்து அவர் வெட்டியெடுத்த துண்டு. மற்றையது, நான்கு மாதத்தின்பின் அப்பெண் இறந்தபோது எடுத்த இரைப்பை. அவரிட்ட தையல் ஆறிய தடத்தோடு.