நாணலை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணலும் வயலில் விளையும் கரும்பும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாணலில் இனிப்பு மிகக் குறைவு. ஆனால், அது வறட்சிக்கும் குளிருக்கும் எளிதில் மடிவதில்லை. தடித்த இனிப்புக் கரும்போ வட இந்தியாவின் குளிரைத் தாங்காமல் துவண்டது. நாணலின் வலிமையைக் கரும்பில் சேர்க்கும் ஆய்வு கோயம்புத்தூரில் நடந்துவந்தது. அங்கிருந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1934ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தார் ஜானகி அம்மாள்.

அவர் 1897இல் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தவர். திருமணத்தை விடுத்து மேற்படிப்பைத் தேர்ந்தெடுத்தவர். சென்னையில் தாவரவியல் பயின்றபின், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமந்திருக்கும் நுண்ணிய இழைகளே குரோமோசோம்கள். கரும்பு, நாணல், அவற்றின் கலப்பினங்கள் ஆகியவற்றின் குரோமோசோம்களை ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் எண்ணினார். மனித உயிரணுவில் பொதுவாக 46 குரோமோசோம்களே உள்ளன. நாணலிலோ இடத்துக்கு இடம் அந்த எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடுகிறது! தாவரங்களில் குரோமோசோம் தொகுதி சில வேளைகளில் இரட்டிப்பாகிவிடும். அப்போது ஒரே மரபணுவுக்குப் பல படிகள் கிடைக்கின்றன. ஒன்று பழைய வேலையைத் தொடர, மற்றொன்று மாறினாலும் செடிக்குக் கேடில்லை. அம்மாற்றம் கடுங்குளிரைத் தாங்க உதவினால், அச்செடி பிழைத்து அடுத்த தலைமுறையை உருவாக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் பணியாற்றிய அவர், டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்தார். அந்நூல் 1945இல் வெளிவந்தது. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பினார்.

பின்னர் அவரது கவனம் இமயமலைக் காட்டுச்செடிகள்மீது திரும்பியது. குளிரும் வறட்சியும் மிகுந்த வடமேற்கைவிட, குளிரும் ஈரமும் மிகுந்த வடகிழக்கில் புதிய தாவர இனங்கள் அதிகம் தோன்றியிருந்தன. குரோமோசோம் தொகுதிகள் பெருகியதே இதற்குக் காரணமாகலாம் என அவர் கருதினார். தட்பவெப்பத்தையும் மரபையும் இணைத்துப் பார்த்த இக்கருத்தே அவருடைய ஆய்வுகளில் மிகச் சிறந்தது எனலாம்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்தி ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிடப்பட்டது. காடு நீரில் மூழ்கினால், நெடுங்காலமாக அங்கே தழைத்துவந்த மரங்களின் மரபும் அழியும். ஆகவே, திட்டத்தை எதிர்த்தவர்களுடன் சேர்ந்து குரல் கொடுத்தார். அம்மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முடிவு செய்தார்.

அணைத் திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.