அண்ணாந்து பார்க்க வைத்த பெசி கோல்மன்

திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட கதையை அம்மம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிந்திய யுத்த காலத்தில், சத்தம் கேட்டதும் ஓடிப் பதுங்கியவர்களும் எங்களுக்குள் உண்டு. சனங்கள் கைதட்டி மகிழ்வதற்காகவும் விமானம் பறக்கும் என்பதை நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம். ஆதலால் இம்மலருக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுத விரும்பினோம்.

பெசி கோல்மன் 1892 சனவரி 26 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 13 பிள்ளைகள் பிறந்த ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். ஒற்றை அறைப் பள்ளிக்கு நான்கு மைல் நடந்து போவார். பருத்தி பறிக்கும் காலத்தில் படிப்பு நின்றுவிடும். கணக்கில் கெட்டிக்காரி. உயர்கல்விக்குச் சேர்ந்தும், கைக்காசு ஒரு தவணையுடன் தீர்ந்துபோயிற்று. சிக்காகோவுக்குப் போய், சலூனில் நகம் சீராக்கும் வேலை செய்தார். போரிலிருந்து திரும்பிய தமையன், பிரெஞ்சுப் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், உன்னால் முடியாது என்று கேலி செய்தாராம். அந்தக் கேலிக்கு நாங்கள் நன்றி சொல்லவேண்டும்.

கறுப்பினப் பெண்ணுக்குப் பறக்கக் கற்பிக்க அமெரிக்காவில் எவரும் முன்வரவில்லை. பெசி பிரெஞ்சு படித்தார், காசு சேர்த்தார், 1920 இல் பிரான்சுக்குக் கப்பலேறினார். கூடப் படித்த ஒருவர் விபத்தில் இறந்ததைக் கண்டும் அவர் பயிற்சியை விடவில்லை. 1921 யூன் 15 அன்று சர்வதேச விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார். அவருடைய இனத்துப் பெண்களுள் அவரே முதல்வர்.

1922 செப்ரெம்பரில் நியூயோர்க் அருகே முதற் காட்சி. போரில் மிஞ்சிய பழைய விமானங்களில் குட்டிக்கரணம் போட்டார், எட்டுப் போட்டார். 1923 இல் விழுந்து கால் முறிந்தது. சுகமானதும் மீண்டும் ஏறினார். 1925 இல் ஹூஸ்டனில் காட்சி முடிந்தபின், பார்க்க வந்தவர்கள் பலர், அதிலும் பெண்கள், தாங்களே விமானமேறி ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் விமானிச் சீருடையுடன் நின்று பேசுவார்.

எங்களுக்கு மிகப் பிடித்தது வக்சஹாச்சி நகரத்துக் கதை. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு வேறு வாசல் என்று ஏற்பாட்டாளர் தீர்மானித்திருந்தனர். எல்லோரும் ஒரே வாசலால் வராவிட்டால் பறக்கமாட்டேன் என்று பெசி மறுத்துவிட்டார். அவர்கள் இணங்கினர். உள்ளே இருக்கைகள் பிரிந்தேதான் இருந்தன. அவரால் வெல்ல முடிந்தது வாசல் மட்டும். கோயில் வாசலும் கிணற்றடியும் யாருக்கு என்று வழக்காடிய நாட்டில் பிறந்த எங்களுக்கு, அந்த வாசலின் பெறுமதி தெரியும்.

தம்மினத்தவருக்கு ஒரு விமானப் பள்ளி தொடங்கவேண்டும் என்பதே அவர் ஆசை. காட்சிக் காசெல்லாம் அதற்குத்தான். 1926 ஏப்ரல் 30 அன்று ஜாக்சன்வில்லில், மறுநாள் பரசூட்டில் குதிப்பதற்கு இடம் பார்க்கப் போனார். மெக்கானிக் விமானத்தை ஓட்ட, கீழே எட்டிப் பார்ப்பதற்காகப் பெசி இருக்கைப் பட்டி கட்டாமல் இருந்தார். இயந்திரத்துள் ஸ்பனர் ஒன்று சிக்கியதால் விமானம் கவிழ்ந்தது. பெசி வெளியே வீசப்பட்டார். மெக்கானிக்கும் தப்பவில்லை. பெசிக்கு வயது 34. பள்ளி தொடங்கப்படவில்லை.

சிக்காகோவில் ஆயிரக்கணக்கானோர் அவருடைய இறுதிக் கிரியைக்குத் திரண்டனர். 1931 முதல் கறுப்பின விமானிகள் அவர் கல்லறைக்கு மேலாகப் பறந்து பூத் தூவினர். 1992 இல் விண்வெளிக்குச் சென்ற மே ஜெமிசன், பெசியின் படத்தையும் தம்முடன் கொண்டுபோனார்.