எந்தக் கல் எந்த இடத்தில்?

சிறு சிறு வண்ணக் கற்களை அருகருகே பதித்து உருவாக்கப்படும் ஓவியத்தை மொசைக் ஓவியம் என்பர். முற்காலத்தில் கைவினைஞர்கள் ஒவ்வொரு கல்லையும் தேர்ந்தெடுத்துப் பதித்தனர். இன்று எந்தக் கல்லை எந்த இடத்தில் வைக்கலாம் என்பதைக் கணினியைக் கொண்டும் முடிவு செய்யலாம். அதற்குத் துணைபுரியும் கணிதம், எவரும் எதிர்பாராத ஓர் இடத்தில் பிறந்தது. மரத்தைச் சீவி ஒட்டுப்பலகை செய்யும் தொழில்தான் அது. அக்கணிதத்தை உருவாக்கியவர் லியோனிட் கான்டரோவிச்.

கான்டரோவிச் 1912ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தபோதும் கான்டரோவிச்சின் கல்வி தடைபடவில்லை. 14 வயதில் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 18 வயதில் பட்டம் பெற்றார். 22 வயதில் பேராசிரியரானார்.

1938ஆம் ஆண்டில் ஒட்டுப்பலகைத் தொழிலைச் சேர்ந்தவர்கள் அவரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தனர். அவர்களிடம் பலவகை மரங்களும் பல இயந்திரங்களும் இருந்தன. ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை வெவ்வேறு வேகத்தில் சீவியது. எந்த மரத்தை எந்த இயந்திரத்திற்குக் கொடுத்தால் உற்பத்தி மிக அதிகமாகும் என்பதே கேள்வி. எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது இயலாத காரியம். பத்துப் பொருள்களைப் பத்து இடங்களில் வைக்கவே 36,28,800 வழிகள் உள்ளன அல்லவா?

கான்டரோவிச் ஒரு புதிய முறையைக் கண்டறிந்தார். ஒவ்வொரு வளத்திற்கும் ஒரு மதிப்பெண்ணை அளித்து, அந்த எண்களைப் படிப்படியாகத் திருத்தி, மிகச் சிறந்த திட்டத்தை அடையலாம் என்று காட்டினார். 1939ஆம் ஆண்டில் இதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இன்று இத்துறை நேரியல் திட்டமிடல் என்று அழைக்கப்படுகிறது.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்திலும் அவர் ஓயவில்லை. ஒரு நாட்டின் வளங்கள் முழுவதையும் இம்முறையால் திட்டமிடலாம் என விளக்கி 1942ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலை எழுதினார். ஆனால், அந்த எண்கள் சந்தை விலைகளைப் போல இருந்தன. அவை அன்றைய சோவியத் பொருளியல் கொள்கைக்கு முரணானவை என அதிகாரிகளும் பொருளியலாளர்களும் கருதினர். கொள்கைக்கு மாறாகப் பேசுவது ஆபத்தாக இருந்த காலம் அது. எனவே, நூல் அச்சேறவில்லை. கான்டரோவிச் மனம் தளராமல் வேறு கணித ஆய்வுகளில் ஈடுபட்டார். எனினும், தம் கண்டுபிடிப்பைக் கைவிடவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 1959ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது.

இதற்கிடையில், 1947ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக்கும் தாமாகவே இத்துறையில் ஒரு சிறந்த முறையை உருவாக்கினார். 1975ஆம் ஆண்டில் கான்டரோவிச்சுக்கும் ஜாலிங் கூப்மன்ஸுக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் கான்டரோவிச் மறைந்தார்.

மரத்திற்கும் இயந்திரத்திற்கும் பொருந்திய கணிதம் கல்லுக்கும் ஓவியத்திற்கும் எப்படிப் பொருந்துகிறது? ஓர் ஓவியத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றுக்கு வேண்டிய வெளிச்ச அளவுகள் 5, 9. நம்மிடம் உள்ள கற்களின் அளவுகள் 6, 1. முதல் கட்டத்திற்கு மிக நெருங்கிய 6ஐ வைத்தால் பிழை 1தான். ஆனால், இரண்டாம் கட்டத்திற்கு 1 மட்டுமே மிஞ்சுவதால் அங்கே பிழை 8. மொத்தப் பிழை 9. கற்களை இடம் மாற்றினால் பிழைகள் 4, 3, மொத்தம் 7. ஒரு கட்டத்திற்கு மட்டும் நல்லதைத் தேடினால் முழு ஓவியம் கெடும். முழு ஓவியத்தையும் கருதி முடிவெடுப்பதே கான்டரோவிச் காட்டிய வழி.

அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ராபர்ட் பாஷ் இந்த வழியில் டாமினோ கட்டைகளைக் கொண்டு மனித முகங்களை உருவாக்கினார். ஒரு தொகுப்பில் 55 கட்டைகள் உள்ளன. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு கட்டைகூட மிஞ்சாமலும் குறையாமலும் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய விதி. எந்தக் கட்டை எங்கே அமைய வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுக் கூறுகிறது. அருகிலிருந்து பார்த்தால் புள்ளிகள். தள்ளி நின்று பார்த்தால் ஒரு முகம்!

ஒட்டுப்பலகைத் தொழிலாளர்களின் கேள்வியைச் சிறியதென்று கான்டரோவிச் ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. அதனால்தான், அவருடைய விடை தொழிற்சாலையைக் கடந்து கலைக்கூடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.