தஞ்சை பெரிய கோயிலை 1858-ல் படமெடுத்த ராணுவ கேப்டன்: யார் இந்த லின்னேயஸ் டிரைப்?

பெங்களூருவிலிருந்து ஜவ்வாது மலைக்கு வீக்கெண்ட் ரைடு போகிறவர்கள் இப்போ நிறைய. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் வானியல் ஆய்வு மையம்னு ஒரு ரவுண்டு முடித்துவிட்டு செங்கம் பக்கம் இறங்கினால், வயல் ஓரங்களில் நடுகற்களைப் பார்க்கலாம். கையில் ஆயுதத்தோடு நிற்கும் வீரன், பக்கத்தில் சில வரி எழுத்து. ஊரின் மாடுகளை மீட்கப் போய் உயிரைவிட்டவர்களுக்காக, பல்லவர் காலத்திலிருந்து நட்டு வைத்த கற்கள். போனை எடுத்து ஒரு தட்டு தட்டினால் படம் ரெடி.

1857 டிசம்பரில், பெங்களூரு பக்கமிருந்து தெற்கே இறங்கிய ஒரு ராணுவ அதிகாரிக்கு ஒரே ஒரு படம் எடுப்பது கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. அவர் பெயர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். தஞ்சை பெரிய கோயில், மதுரை மீனாட்சி அம்மன் கோயில், ஸ்ரீரங்கம், திருச்சி மலைக்கோட்டை பற்றிய பழைய போட்டோ ஏதாவது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால், அதில் இவர் எடுத்தது ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். பெயர் மட்டும் கூட வந்திருக்காது.

16 வயதில் பட்டாளம்

1822 ஏப்ரல் 14-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர் டிரைப். 12 பிள்ளைகளில் ஒன்பதாவது. 16 வயதில் கிழக்கிந்திய கம்பெனியின் படையில் சேர்ந்து தென்னிந்தியாவுக்கு வந்தார். அடுத்த பத்து வருஷத்தில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 1850-ல் லீவில் ஊருக்குப் போனார், உடம்பு சரியில்லாமல் போக, லீவு 1854 வரை நீண்டது. அந்த லீவில்தான் போட்டோகிராபி பிடித்துக்கொண்டது. அது அப்போ கிட்டத்தட்ட நம்ம ஏஐ மாதிரி: புதுசு, செலவு அதிகம், எதற்குப் பயன்படும்னு யாருக்கும் சரியாகத் தெரியாது. 1853-ல் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினரானார்.

1854-ல் பெங்களூரு திரும்பியதும், அந்த வருஷக் கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சிக்கு 68 படங்களை அனுப்ப, காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இவருடையதே சிறந்த தொகுப்புன்னு நடுவர்கள் தேர்வு செய்தார்கள். அதே வருஷம் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன ஆங்கிலேயத் தூதுக்குழுவில் அதிகாரபூர்வ போட்டோகிராபராக இடம் கிடைத்தது. பர்மா படங்களில் 120 தனித் தொகுப்பாகவே வெளிவந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மெட்ராஸ் அரசாங்கம் இவரை மாகாணத்தின் போட்டோகிராபராக நியமித்தது.

கொடுத்த வேலை என்ன? பழைய கோயில்களும் சிற்பங்களும் கல்வெட்டுகளும் அழிந்துபோவதற்கு முன் பதிவு செய்யணும். இந்தியத் தொல்லியல் துறை பிறந்தது 1861-ல். அதாவது அப்படி ஒரு துறை வருவதற்கு முன்பே, மெட்ராஸில் ஒரு ஆளும் ஒரு கேமராவும் அந்த வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு படம் எப்படி எடுத்தார்?

ஃபிலிம் கிடையாது. நெகட்டிவ் என்பது ஒரு காகிதம், அளவு 12-க்கு 15 இன்ச். அதில் மெழுகு ஏற்றி, ரசாயனங்களில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி, இருட்டில் காயவைக்கணும். கண்ணாடியில் ஈரப்பூச்சு பூசி எடுக்கும் இன்னொரு முறையும் அப்போ இருந்தது. அதில் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாகணும், போகிற இடமெல்லாம் இருட்டறை வேணும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார்செய்து பயணத்தில் கொண்டுபோகலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு இதுதான் சரிப்பட்டது.

ஆனால் காகிதம் ஒளியை மெதுவாகத்தான் வாங்கும். மூடியைத் திறந்து நிமிஷக் கணக்கில் காத்திருக்கணும். அதனால் நடந்துபோகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். டிரைப்பின் மதுரை படங்களில் தெருக்கள் ஆளரவமற்றுக் கிடப்பதைப் பார்த்து, ஊரே காலியாக இருந்ததுன்னு நினைக்க வேண்டாம். ஆட்கள் இருந்தார்கள், அசைந்துவிட்டார்கள். கல் அசையாது. அந்தக் கால கேமராவுக்குக் கோயில்தான் நல்ல மாடல்.

இன்னொரு சுவாரஸ்யம்: இந்த முறையில் வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். டிரைப் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் சாயம் வைத்து மேகம் வரைந்தார், மர இலைகளையும் திருத்தினார். ஆமாம், எடிட்டிங்தான். ஆவணம் எடுக்க வந்தவர் இப்படிச் செய்யலாமா என்றால், சிற்பத்தையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு வானத்திலும் மரத்திலும்தான் கைவைத்தார். அதனால் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

தஞ்சையில் 19 அடி

வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரத்தில், 1857 டிசம்பரில் கிளம்பினார். ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்தார். பிறகு திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு. சில மாதங்களில் மொத்தமும் முடிந்தது.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்தபோது, அது பாழடைந்து கிடந்தது. ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1866-க்குப் பிறகுதான் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால் அந்த மராமத்துக்குப் பிந்தையது. அதற்கு முந்தைய நிலைக்கு டிரைப்பின் படங்கள் முக்கியமான சாட்சி.

எனக்குப் பிடித்தது தஞ்சாவூர் வேலை. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் தமிழ்க் கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, துண்டு துண்டாக எடுத்தார். அப்புறம் 21 பிரிண்ட்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம்ம போனில் இருக்கும் பனோரமா மோடுதான், என்ன, கையால் செய்தது. அந்தக் கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டு, ஹுல்ட்ஸ் பதிப்பில் நூலாக வர ஆரம்பித்தது 1890களில். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை, படிக்கத் தெரிந்தவர்களுக்காக, அதற்கு 30 வருஷம் முன்பே அங்குலம் அங்குலமாகப் படமெடுத்திருக்கிறார் இந்த மனுஷன்.

1858-லேயே சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதி பௌத்தச் சிற்பங்களையும் எடுத்தார். வால்டர் எலியட் 1845-ல் தோண்டியெடுத்து சென்னைக்கு அனுப்பியவை அவை. அந்தத் தொகுப்பில் 75 படங்கள். அடுத்த வருஷமே, நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் கப்பலேறி லண்டன் போய்விட்டன. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவை சென்னையை விட்டுக் கிளம்பும் முன் எப்படி இருந்தன என்பதற்கு இந்தப் படங்கள்தான் ஆதாரம். படமெடுக்க ஆளனுப்பிய அதே ஆட்சிதான் சிற்பங்களைக் கப்பலில் ஏற்றியது என்பதையும் சேர்த்தே சொல்லணும். டிரைப் கம்பெனியின் சம்பளக்காரர். இந்தப் படங்களை நம்ம ஊருக்குச் செய்த சேவைன்னு சொல்லிவிட முடியாது.

ஆடம்பரம்னு சொல்லி மூடினார்கள்

1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் மெட்ராஸ் ஆளுநராக வந்தார். கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காய்ந்து கிடந்தது. எங்கே வெட்டலாம்னு பார்த்தவர் கண்ணில் போட்டோகிராபி பிரிவு பட்டது. அவசியமில்லாத ஆடம்பரம் என்று முடிவுகட்டினார். 1860-க்குள் எல்லாம் இழுத்து மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், புதிய வரிகளை எதிர்த்துப் பேசியதற்காக டிரெவெல்யனும் அதே 1860-ல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 1867 வாக்கில் மெட்ராஸ் அரசாங்கம் தென்னிந்தியக் கட்டடக்கலையைப் படமெடுக்க எட்மண்ட் டேவிட் லயன் என்ற வேறொருவரை அமர்த்தியது. ஏழெட்டு வருஷத்துக்குள் ஆடம்பரம் மறுபடியும் அவசியமாகிவிட்டது. டிரைப்பை யாரும் கூப்பிடவில்லை.

38 வயது அப்போது. அவர் பட்டாள வேலைக்கே திரும்பிப் போனார். அதன்பிறகு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் படங்கள். 1870களில் இங்கிலாந்து திரும்பி ஓய்வுபெற்றார். 1902 மார்ச் 2-ல், பிறந்த அதே டெவன்போர்ட்டில் இறந்தார். அவர் பெயர் பேசப்படுவதற்கு இன்னொரு நூற்றாண்டு ஆனது. 2014-ல் வாஷிங்டனிலும், 2015-ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது.

சரி, ஜவ்வாது மலை?

டிரைப்பின் தொகுப்புகளின் பெயர்களில் அது இல்லை. இத்தனைக்கும் மலையின் மேற்கு அடிவாரமான திருப்பத்தூர் அன்றைக்கு சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ராயக்கோட்டையிலிருந்து கிழக்கே திரும்பியிருந்தால் மலை வந்திருக்கும், அவர் தெற்கே போனார். அரசாங்கத்துக்கு வேண்டியதும் பெரிய கோயில்கள், அரண்மனைகள், கோட்டைகள்தான். மார்பளவு உயரக் கல்லில் ஒரு ஊர்க்காரன் நிற்பதைப் பார்க்க யாரும் மாட்டு வண்டி அனுப்பவில்லை.

செங்கம் வட்டார நடுகற்கள் முறையாகத் தேடப்பட்டு, படியெடுக்கப்பட்டு, தமிழ்நாடு தொல்லியல் துறையின் நூலாக வெளிவந்தது 1972-ல். தஞ்சைக் கல்வெட்டின் 19 அடிப் படத்துக்கும் அந்த நூலுக்கும் நடுவில் 114 வருஷம். அந்த இடைவெளியில் எந்தக் கல் வரப்புக்குப் போனது, எது துணி துவைக்கப் போனதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் 1858-ன் படம் ஒன்றுகூட இல்லை.

டிரைப்பின் மதுரை, தஞ்சைப் படங்களை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஆகியவற்றின் தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். பெரிய ஸ்கிரீனில் திறந்து, வானத்தை ஜூம் பண்ணிப் பாருங்கள். சில படங்களில் அவர் வரைந்த மேகம் கண்டுபிடிக்கும்படி இருக்கும்.