பள்ளிப் படிப்பை விட்டவர், தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வர்: ஜி.டி.நாயுடு வாழ்க்கை இன்றைய திறன் இடைவெளிக்கு என்ன சொல்கிறது?

கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறக்கிவிடும் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ஜி.டி.நாயுடு. பெயரைத் தினமும் பார்க்கிறோம். இந்தியாவின் எடிசன் என்ற பட்டமும் தெரியும். ஆனால் அந்த மனிதர் கடைசிவரை கவலைப்பட்ட ஒரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. படித்தவனுக்கு வேலை தெரியவில்லை, வேலை தெரிந்தவனுக்குப் படிப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அது.

இன்று இதையே டிஜிட்டல் திறன் இடைவெளி என்கிறோம். பெயர்தான் புதுசு.

பிரச்சினை என்ன?

வெள்ளகோவில் பக்கம் ஒரு தறிப்பட்டறைக்குப் போனால் புரியும். பழைய நாடா தறி பழுதானால், அனுபவமுள்ள ஃபிட்டர் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறுன்னு சொல்லிவிடுவார். கொங்கு வட்டாரத்தில் இப்போது ரேப்பியர், ஏர்ஜெட் என்று தானியங்கித் தறிகளும் ஓடுகின்றன. இவற்றில் பழுது வந்தால் திரையில் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்த ஆள் வரும்வரை தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும்.

அதே தெருவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி ஒருத்தர் இருப்பார். கன்ட்ரோலர் என்றால் என்ன, சென்சார் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதியிருப்பார். தறியில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது, ஏன்னா யாரும் அவரைத் தறிகிட்ட கூட்டிட்டுப் போகவில்லை. பட்டறைக்காரருக்கு ஆள் இல்லை, தம்பிக்கு வேலை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தெருதான் தூரம்.

இந்தத் தூரத்தைக் குறைக்க முயன்று, ஓரளவு வென்று, ஓரளவு தோற்றவர் ஜி.டி.நாயுடு.

யார் இவர்?

வெள்ளகோவிலில் கோவை பஸ் ஏறி, காங்கேயம், பல்லடம் தாண்டி சூலூர் வந்தால் பக்கத்தில் கலங்கல் கிராமம். அங்கேதான் 1893 மார்ச் 23-ஆம் தேதி கோபாலசாமி துரைசாமி நாயுடு பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது.

இளம் வயதில் ஒருநாள், ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை அவர் பார்த்தது அதுதான் முதல் முறை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்.

கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை இல்லை, அதே வண்டியை அந்த அதிகாரியிடமே விலை பேசி வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

இடையில் பருத்தி வியாபாரமும் செய்தார். நன்றாகச் சம்பாதித்தார், பிறகு பம்பாய் பருத்திச் சந்தையில் அந்தப் பணத்தை இழந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு பஸ்

1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் யுஎம்எஸ் என்று ஊரே அறிந்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சில ஆண்டுகளில் நாட்டிலேயே ஒழுங்காக இயங்கும் பஸ் நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

பஸ் நிறுவனத்தை வெறும் டிக்கெட் வியாபாரமாகப் பார்த்தால் இந்தக் கதையின் முக்கியமான பகுதி தப்பிப் போகும். அந்தக் காலத்தில் வண்டியும் வெளிநாடு, உதிரி பாகமும் வெளிநாடு. ஒரு பாகம் உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. பழுது பார்க்கும் பட்டறை அவசியம். பட்டறையில் வேலை செய்யும் ஆட்களுக்குக் கையோடு கற்றுக்கொடுப்பதும் அவசியம். பஸ் ஓட்டும் கம்பெனியே ஒரு தொழில் பள்ளிக்கூடமாகவும் இருக்க வேண்டிய காலம் அது.

1937: பீளமேட்டில் ஒரு மோட்டார்

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. பஞ்சாலைகள் பெருகின, கிணற்றுப் பாசனத்துக்கும் மின்சாரம் போனது. ஆனால் அந்த மின்சாரத்தில் சுற்ற வேண்டிய மோட்டார் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று மோட்டார், பம்ப் என்றால் கோவை என்று நாடு முழுக்கச் சொல்வதற்கான தொடக்கப் புள்ளிகளில் இது ஒன்று.

நாயுடு ஐரோப்பாவுக்குப் பலமுறை போய்வந்தவர். ஜெர்மனியின் பட்டறைகளை நேரில் பார்த்தார். ரசாந்த் என்ற பெயரில் அவர் உருவாக்கிய மின்சார சவரக் கருவி அங்கேதான் பெயர் வாங்கியது. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் பட்டியல் நீளம்.

1945: கல்லூரி தொடங்கினார், விலகவும் செய்தார்

1944-இல் தன் மோட்டார் தொழிலின் அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்கினார். ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று பணத்தை வேறு பக்கம் திருப்பினார். அடுத்த ஆண்டு, அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்று தடாகம் ரோட்டில் ஜிசிடி என்று நாம் சொல்லும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான்.

ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். இதை வெறும் சுவாரசியமான தகவலாகக் கடந்துபோக வேண்டாம். அடுத்து நடந்ததுதான் விஷயம்.

பொறியியல் படிப்புக்கு நாலு வருஷம் தேவையில்லை, அதே பாடத்தை இரண்டே வருஷத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நாயுடு வாதாடினார். ஒரு மாணவர் ஒரே துறையில் அடைபட்டுக் கிடக்காமல் பல துறைகளையும் தொட்டுப் பார்க்கும் விதமாகப் பாடத்திட்டம் இருக்க வேண்டும் என்றும் நினைத்தார். ஆங்கிலேய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டு வருஷம் போதுமா என்பதில் இன்றும் வாதம் செய்யலாம். பாலம் கட்டுபவருக்கும் பம்ப் கழற்றுபவருக்கும் ஒரே கால அளவு பொருந்தாது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது: மாணவர் கல்லூரியில் செலவிடும் காலத்தில் எவ்வளவு நேரம் மெஷின் பக்கத்தில் நிற்கிறார்?

அவரால் முடியாதது எது?

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அதைப் பெருமளவில் தயாரிக்க அரசு உரிமம் தரவில்லை. திட்டம் அங்கேயே நின்றது.

திறமை ஒரு மனிதரிடம் இருந்தால் மட்டும் ஒரு பொருள் தெருவுக்கு வந்துவிடாது. உரிமம், முதலீடு, பயிற்சி பெற்ற ஆட்கள், கல்லூரி எல்லாம் ஒரே திசையில் இழுக்க வேண்டும். நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தபோது அவர் செய்துகாட்டிய பல பொருட்கள் காட்சிப் பொருளாகத்தான் மிஞ்சின.

அப்போ எல்லாரும் படிப்பை விட்டுடலாமா?

கூடாது. நாயுடு வாழ்க்கையிலிருந்து எடுக்கக்கூடாத பாடம் அதுதான். பள்ளியை விட்டு ஜெயித்தவர் ஒருத்தர் பெயர் பாலத்தில் இருக்கிறது. பள்ளியை விட்டு வாழ்நாள் முழுக்கத் தார் சுற்றியவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அதை நாயுடுவும் உணர்ந்திருக்க வேண்டும், அதனால்தான் தன் பணத்தைக் கல்லூரியில் போட்டார்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. ரட்ஜ் மோட்டார் சைக்கிளை ஒரு ஸ்பேனர் இருந்தால் திறக்கலாம். இன்றைய தறியின் மூளை ஒரு மின்னணு அட்டைக்குள், பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. தனியாளாகப் பிரித்துப் பார்த்துக் கற்பது கஷ்டம். அதனால் இன்று கற்பவருக்குப் பட்டறையின் அனுமதி நாயுடு காலத்தைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது.

கோவை இதை முன்பே செய்து பார்த்திருக்கிறதா?

ஆம். பிஎஸ்ஜி அறநிலையம் 1926-இல் தொடங்கியது. அதன் தொழிற்கூடமும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. மோட்டாரும் பம்பும் அங்கே விற்பனைக்காகவே தயாராயின. மாணவர்கள் அதே கூடத்தில் கற்றார்கள். 1951-இல் வந்த பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் சாண்ட்விச் படிப்பு என்று ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகள், பாடமும் தொழிற்கூட வேலையும் மாறி மாறி வரும். நாயுடு காலத்தைச் சுருக்கச் சொன்னார், இங்கே காலத்தை நீட்டினார்கள். ஆனால் மெஷின் பக்கத்தில் மாணவர் நிற்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று.

ஜெர்மனியில் இது நாட்டு வழக்கமே. பயிற்சி பெறும் இளைஞர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வாரத்தில் சில நாள் அங்கே வேலை செய்வார், மீதி நாள் தொழிற்பள்ளிக்குப் போவார். உதவித்தொகையை நிறுவனம் தரும்.

இப்போது என்ன வசதி இருக்கிறது?

2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், தொழில் நிறுவனங்கள் வடிவமைத்த திறன் படிப்புகள் கல்லூரிப் பாடத்தோடு சேர்க்கப்படுகின்றன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-க்களை ரோபோ, கணினி வழி இயந்திரங்கள் கொண்ட மையங்களாக மாற்றும் திட்டத்துக்கு 2,877 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

சின்னப் பட்டறைகளுக்கு அதிகம் தெரியாத ஒன்று தொழிற்பழகுநர் சட்டம். 1961-இல் வந்த இந்தச் சட்டத்தின் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டன. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பப்பட்டால் எடுக்கலாம். மத்திய அரசின் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய்வரை அரசே ஏற்கிறது.

அதாவது, நாலு பேர் வேலை செய்யும் வெள்ளகோவில் தறிப்பட்டறையோ எண்ணெய் ஆலையோகூட ஒரு டிப்ளமோ தம்பியைப் பழகுநராகச் சேர்க்க வழி இருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

மாணவராக இருந்தால்: சான்றிதழ் படிப்பை முடித்த கையோடு, அந்த மென்பொருள் ஓடும் மெஷின் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடுங்க. ஒரு மாதம் பக்கத்தில் நின்று, வரும் பிழை எண்களையும் அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைங்க. வேலைக்குப் போகும்போது அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

பட்டறை நடத்துபவராக இருந்தால்: சர்வீஸ் இன்ஜினியர் வரும் நாளில் பக்கத்தில் ஒரு பழகுநரை நிற்க வைங்க. கற்றுக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவான் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயம்தான். அதனால்தான் இதை ஒரு பட்டறை தனியாகச் செய்வதைவிட, ஊர்ச் சங்கமாகப் பத்துப் பட்டறைகள் சேர்ந்து அருகிலுள்ள ஐடிஐ-யோடு பேசுவது நல்லது. பத்துப் பேரும் பயிற்சி கொடுத்தால், ஆள் எங்கே போனாலும் ஊருக்குள்தான் இருப்பார்.

நாயுடு செய்த பொருட்களை நேரில் பார்க்க வேண்டுமானால் அவிநாசி ரோட்டில், கோபால் பாக் வளாகத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. மேம்பாலத்தில் போனால் தெரியாது, கீழ் ரோட்டில் போங்க. ஐடிஐ படிக்கும் தம்பி தங்கச்சி வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிட்டுப் போங்க.