கொடுமுடிக் குரலுக்குத் தாமதமாக வந்த பரிசு

ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. திருப்பூர், காங்கயம் பக்கத்து மக்களுக்கு மிகவும் பழக்கமான ஊர். பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் இங்கு வந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு நடப்பார்கள்.

1908-ம் ஆண்டு இந்த ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயார் பெயர் பாலாம்பாள். குழந்தைக்குச் சுந்தராம்பாள் என்று பெயர் வைத்தார்கள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்தான் பின்னாளில் நாடறிந்த கே. பி. சுந்தராம்பாள்!

தகப்பனார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். வீட்டில் வறுமை. சிறுமி சுந்தராம்பாள் ரயிலில் ஏறிப் பாடுவாள். பிரயாணிகள் காசு கொடுப்பார்கள். அப்படிப் பாடியபோதுதான் நாடகப் பற்றுள்ளவர்கள் அவளைக் கண்டெடுத்து, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள்.

அது மைக் இல்லாத காலம். மேடையில் நின்று பாடினால், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கொட்டகையில் கூச்சல்தான்! சுந்தராம்பாளின் குரல் அந்தப் பள்ளிக்கூடத்தில் பழகிய குரல். உச்சத்துக்குப் போனாலும் சொல் சிதையாது. பிற்காலத்தில் அவர் சினிமாவில் பாடியபோதும் இந்தப் பழக்கம் போகவில்லை. படிக்காதவருக்கும் அவர் பாட்டில் ஒரு எழுத்து தவறாமல் விளங்கும்.

வெள்ளைப் புடவை

அந்த நாளில் நாடக மேடையின் ராஜா எஸ். ஜி. கிட்டப்பா. இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். வள்ளியும் முருகனுமாக அவர்கள் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு. இல்வாழ்க்கை அமைதியாக நடக்கவில்லை, பிரிவும் வந்தது.

1933-ல் கிட்டப்பா இறந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் அவர் வெள்ளைப் புடவை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். நல்ல வருமானம் வரும் வயதில் ஒரு நடிகை இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? தொழில் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

போகவில்லை! 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது ஊரெல்லாம் பேச்சு. ஒரு பவுன் முப்பது ரூபாய்கூட விற்காத காலம் அது.

காங்கிரஸ் கூட்டங்களில் தேச பக்திப் பாடல்கள் பாடினார். சுதந்திரம் வந்த பின், 1951-ல் சென்னை சட்ட மேல்சபை உறுப்பினர் ஆனார். சினிமாத் துறையிலிருந்து சட்டசபைக்குள் காலடி வைத்த முன்னோடி அவர்.

1953-ல் ஜெமினி வாசன் தயாரித்த 'ஔவையார்' வெளிவந்தது. தமிழ்க் குழந்தைகளின் மனதில் ஔவைப் பாட்டி என்றால் சுந்தராம்பாள் முகம் என்று பதிந்தது அந்தப் படத்தால்தான்.

பரிசு இல்லாத காலம்

சினிமாவுக்கு மத்திய அரசு பரிசு கொடுக்கத் தொடங்கியது 1954-ல். முதலில் பார்க்கப்பட்டவை 1953-ம் வருஷத்துப் படங்கள். ஔவையார் வந்த அதே வருஷம்! ஆனால் அந்தக் குரலுக்கு அதில் இடமில்லை. காரணம் எளிது. பரிசு படத்துக்குத்தான், பாடியவருக்கு என்று பரிசே கிடையாது. மறு வருஷம் மாநில மொழிப் படங்களுக்கும் வெள்ளிப் பதக்கம் வந்தது. கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ளன்' அதைப் பெற்றது. கொங்கு நாட்டுக்குப் பெருமைதான். அங்கேயும் பாட்டுக்குத் தனியாக எதுவும் இல்லை.

1967-ம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் பரிசு வந்தது. முதல் இசைப் பரிசு 'கந்தன் கருணை' படத்துக்காக கே. வி. மகாதேவனுக்கு. அந்தப் படத்தில் சுந்தராம்பாளும் ஔவையாராகப் பாடி நடித்திருந்தார். 1968-ல் கவிஞர் கண்ணதாசனும் பாடகி பி. சுசீலாவும் பெற்றார்கள்.

அடுத்த ஆண்டு 'துணைவன்'. தயாரித்தவர் சாண்டோ சின்னப்பா தேவர்; கோயமுத்தூர்க்காரர், இளமையில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், முருக பக்தர். படமும் முருகன் படம். இசை கே. வி. மகாதேவன். பஞ்சாலைத் தொழிலாளி எடுத்த படம். ரயிலில் பாடிய பெண் பாடிய பாட்டு! 1969-ம் ஆண்டின் இந்தியாவிலேயே சிறந்த பாடகி என்று சுந்தராம்பாள் அம்மையார் தேர்வு பெற்றார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார்.

டெல்லிக்காரர்கள் ஹிந்திக்குத்தான் கொடுப்பார்கள் என்று திருப்பூர் டீக்கடைகளில் இன்றும் பேசுவதுண்டு. பாடகி பரிசின் ஆரம்பக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1968-ல் தமிழ்ப் படம், 1969-ல் தமிழ்ப் படம், 1970-ல் வங்காளி, 1971-ல் மறுபடி தமிழ். ஹிந்திப் படத்துக்காக லதா மங்கேஷ்கர் பெற்றது 1972-ல்தான். கொடுமுடி அம்மையார் அவருக்கு மூன்று வருஷம் முந்தி!

ஆகவே அம்மையாருக்கு நடந்த குறை மொழியால் வந்ததல்ல, காலத்தால் வந்தது. நந்தனாரும் ஔவையாரும் பரிசுக்கு முந்திப் பிறந்துவிட்டன. நீண்ட ஆயுளும் குன்றாத குரலும் இருந்ததால் அவருக்குக் கிடைத்தது. இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் 1963-லேயே மறைந்துவிட்டார். பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி 1981 வரை இருந்தார். பரிசு வந்தபோது அவர் பாட்டுக் காலம் கழிந்திருந்தது. இவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பரிசு வந்த பிறகாவது கணக்கு நேராயிற்றா என்றால், அதுவும் முழுக்க இல்லை. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் 2015-ல் மறையும் வரை அந்தத் தேசியப் பரிசைப் பெறவே இல்லை. நூலாக இருந்தால் 30-ம் நம்பர், 40-ம் நம்பர் என்று தரம் பிரித்துவிடலாம். பாட்டுக்கு அப்படி நம்பர் ஏது? தயாரிப்பாளர் படத்தை அனுப்ப வேண்டும். பல மொழிப் படங்களையும் நடுவர்கள் பார்க்க வேண்டும். அர்த்தம் தெரியாத பாட்டிலும் அழகைக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மையாரின் குரல் அந்த வேலியைத் தாண்டியது. எல்லாக் குரலும் தாண்டுவதில்லை.

1970-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்', 'திருமலை தெய்வம்' படங்களில் பாடி நடித்தார். 1980-ல் காலமானார். 25 வயதில் உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் கடைசி வரை மாற்றவில்லை.