மலைச் சுவரில் தொங்கிக்கொண்டே தூங்க முடியுமா? கோல்டு ஸ்டோரேஜில் ஒத்திகை பார்த்து இமயமலை ஏறிய ஜோ டாஸ்கரின் கதை

பழனி பக்கத்தில் இருக்கும் பாலசமுத்திரத்தில் நின்று தெற்கே பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை மதில் எழுப்பியது போல நிற்கும். அப்படியே திரும்பினால் முருகன் கோவில் மலை. தரையிலிருந்து சுமார் 450 அடி உயரம். படியேறினால் மூச்சு வாங்கும். ஆனால் நடுவில் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், கால் நீட்டலாம்.

இப்போ அதே மலையைப் பன்னிரண்டு முறை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்க. படி கிடையாது. சரிவு கிடையாது. செங்குத்தான பாறை, அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும் பனி. ஒரு நாளில் ஏறி முடிக்கவும் முடியாது. பல இடங்களில் உட்காரக்கூட இடமில்லை.

ராத்திரி வந்துவிட்டால் எங்கே படுப்பது?

உத்தரகாண்டில் உள்ள சாங்கபாங் சிகரத்தின் மேற்குச் சுவர் அப்படிப்பட்டது. சுமார் 5,500 அடி உயரச் சுவர். 1976-ல் இரண்டே பேர் அதை ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஜோ டாஸ்கர். தூங்குவதற்காக அவர்கள் எடுத்துப் போனது தொங்கும் படுக்கை. அதைச் சோதித்துப் பார்த்த இடம், உறைய வைத்த உணவுப் பொருட்களை அடுக்கி வைக்கும் கோல்டு ஸ்டோரேஜ்!

யார் இந்த ஜோ டாஸ்கர்?

1948-ம் ஆண்டு மே 12-ம் தேதி இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் பத்துப் பிள்ளைகள். பாதிரியார் ஆக வேண்டும் என்று 13 வயதில் அஷா குருமடத்தில் சேர்க்கப்பட்டார். ஏழு வருடம் அங்கேதான் படிப்பு.

குருமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரி இருந்தது. பாறை ஏறும் பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொண்டது. கொஞ்ச காலத்தில் பாதிரியார் ஆகும் பாதையை விட்டு விலகினார். கிடைத்த வேலைகளைச் செய்தார், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். கையில் காசு சேர்ந்தால் ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பிவிடுவார்.

அங்கே அவருக்கு அமைந்த கூட்டாளி டிக் ரென்ஷா. 1975 குளிர்காலத்தில் இருவரும் சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்தை, ஆபத்துக்குப் பேர்போன வடக்குச் சுவர் வழியாக ஏறினார்கள். அதே வருடம் ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு இங்கிலாந்தில் இருந்து சாலை வழியாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இலக்கு, 7,066 மீட்டர் உயரமுள்ள துனகிரி.

துனகிரி சொல்லிக்கொடுத்த பாடம்

துனகிரியின் உச்சியை இருவரும் தொட்டுவிட்டார்கள். சிக்கல் இறங்கும்போது வந்தது. சாப்பாடு தீர்ந்தது. அதைவிட மோசம், ஸ்டவ்வுக்கான எரிபொருளும் தீர்ந்துபோனது.

சுற்றிலும் பனிதானே, அதை அள்ளிச் சாப்பிட்டால் தாகம் தீராதா என்று தோன்றலாம். தீராது. பனியை உருக்க உடம்பே சூட்டைச் செலவழிக்க வேண்டும். களைத்த உடம்பு இன்னும் குளிர்ந்து போகும். அந்த உயரத்தில் ஸ்டவ் அணைந்தால் குடிதண்ணீர் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும். விரல் நுனி வரை சூடு போய்ச் சேராது. விரல்கள் உறைந்து செத்துப்போகும் பனிக்கடி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ரென்ஷாவின் விரல்களுக்கு நடந்தது அதுதான். பனிக்கடிக் காயத்தோடு அவர் ஊர் திரும்பினார். அடுத்த வருடம் மலையேற முடியாத நிலை.

ஆனால் டாஸ்கர் துனகிரியில் இருந்தபோதே பக்கத்துச் சிகரத்தைப் பார்த்து வைத்திருந்தார். 6,864 மீட்டர் உயர சாங்கபாங். 1974-ல் இந்திய பிரிட்டிஷ் கூட்டுக் குழு வேறு பக்கமாக அதன் உச்சியை முதன்முதலில் தொட்டிருந்தது. கிறிஸ் பானிங்டனோடு அந்தக் குழுவில் உச்சிக்குப் போனவர்களில் இந்திய ராணுவ அதிகாரி பல்வந்த் சந்து, தாஷி செவாங் ஆகியோரும் உண்டு. மேற்குச் சுவர் யாரும் தொடாமல் கிடந்தது.

ரென்ஷாவுக்குப் பதிலாக டாஸ்கர் அழைத்தது பீட்டர் போர்ட்மேனை. 1975-ல் 24 வயதில் எவரெஸ்டின் தென்மேற்குச் சுவர் வழியாக உச்சிக்குப் போய் வந்தவர். அந்தப் பெரிய குழுவில் உதவிக்கு ஏகப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். இங்கே ஏறப்போவது இரண்டே பேர்.

தூளி மாதிரி ஒரு படுக்கை

செங்குத்துச் சுவரில் தூங்கும் யோசனை சாங்கபாங்கில் பிறந்தது இல்லை. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டன் போன்ற பாறைகளை ஏறியவர்கள் அதற்கு முன்பே அப்படித் தூங்கியிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஹாமக். அதில் ஒரு வகையைப் புரிந்துகொள்ள நம்ம வீட்டுத் தூளியை நினைத்தால் போதும். சேலையின் இரு முனையையும் சேர்த்து உத்தரத்தில் ஒரே இடத்தில் கட்டுகிறோம் இல்லையா? அதே மாதிரி பாறையில் ஒரு ஆணி, அதில் ஒரு கொக்கி, அதிலிருந்து தொங்கும் துணி.

குழந்தைக்குத் தூளி சுகம். பெரிய ஆளுக்கு அது சித்திரவதை. எடை முழுக்க நடுவில் இறங்குவதால் துணி இரண்டு பக்கமும் இறுக்கும். தோள்கள் முன்னால் மடங்கும். திரும்பிப் படுக்க முடியாது. ஒரு பக்க உடம்பு ராத்திரி முழுக்கப் பாறையில் ஒட்டியிருக்கும், பாறையின் குளிர் நேராக உள்ளே இறங்கும்.

மழை வந்தால் இன்னும் மோசம். யோசெமிட்டியின் புகழ்பெற்ற ஏறுநர் வாரன் ஹார்டிங், மூடி போட்ட தொங்கு படுக்கையைத் தயாரித்தவர்களில் ஒருவர். 1968-ல் அவரும் காலன் ரோவெலும் ஹாஃப் டோம் பாறையின் தெற்குச் சுவரில் புயலில் மாட்டினார்கள். மழையைத் தடுக்கச் செய்த படுக்கைக்குள்ளேயே தண்ணீர் தேங்கிவிட்டது. வெளியேற வழியில்லை. நனைந்து விறைத்துப் போனவர்களை மேலிருந்து கயிற்றில் இறங்கி மீட்க வேண்டியதாயிற்று.

யோசெமிட்டியில் இப்படி என்றால், 6,000 மீட்டருக்கு மேல் இமயமலையில்? அதற்குப் பதில் தெரிந்தவர்கள் அப்போது அதிகம் பேர் இல்லை.

கோல்டு ஸ்டோரேஜில் நடந்த ஒத்திகை

போர்ட்மேனுக்கு மான்செஸ்டரில் பிரிட்டிஷ் மலையேற்ற கவுன்சிலில் அலுவலக வேலை. டாஸ்கருக்கு மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் உறைந்த உணவுக் கிடங்கில் இரவு நேரத்தில் சரக்கு ஏற்றும் வேலை. அந்த வேலையில்தான் வழி பிறந்தது. சாங்கபாங்குக்கென்று தயாரித்த தொங்கு படுக்கைகளை அந்தக் கிடங்குக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டு, இருவரும் உள்ளே படுத்துப் பார்த்தார்கள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அது சரியான யோசனை. எந்தத் துணி விறைக்கிறது, எந்தக் கொக்கி கையுறையோடு திறக்க வரவில்லை, ஸ்லீப்பிங் பேக்கில் எங்கே குளிர் நுழைகிறது என்பதெல்லாம் மலைக்குப் போகும் முன்பே தெரிந்தாக வேண்டும். மலையில் போய்த் தெரிந்துகொண்டால் விலை விரல்கள். ரென்ஷாவின் கையைப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கிடங்கில் இல்லாதது எது?

1976 செப்டம்பரில் சுவரில் வேலை தொடங்கியது. நாள் முழுக்க ஏறிவிட்டு, சில இரவுகள் அந்தப் படுக்கைகளில் தொங்கியபடி கழித்தார்கள். அப்போதுதான் கிடங்கில் இல்லாத விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலாவது, களைப்பு. கிடங்கில் படுத்தது தெம்பான உடம்பு. இங்கே படுப்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாறையோடு போராடிய உடம்பு.

இரண்டாவது, காற்று. 6,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஷூ கழற்றுவதே பெரிய வேலை.

மூன்றாவது, கீழே தரை இல்லை. கிடங்கில் ஷூ நழுவினால் குனிந்து எடுக்கலாம். இங்கே நழுவினால் போச்சு. ஷூ இல்லாமல் அந்தப் பனியில் கால் தப்பாது. அதனால் கழற்றும் ஒவ்வொரு பொருளையும் கயிற்றில் கட்டித்தான் கழற்ற வேண்டும். கையுறையோடு முடிச்சுப் போட வராது, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும்.

நான்காவது, ஸ்டவ். ஆடும் துணிக்குள் ஸ்டவ்வை நிறுத்தி, பனியை உருக்கி, சிந்தாமல் குடிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் துனகிரிக் கதைதான்.

தூங்குவதற்கான ஏற்பாடே தெம்பை உறிஞ்சியது. விரல்கள் மரத்துப் போயின. உச்சி இன்னும் தூரம்.

இங்கேதான் டாஸ்கரும் போர்ட்மேனும் எடுத்த முடிவு முக்கியம். அவ்வளவு மெனக்கெட்டுத் தயாரித்த படுக்கை, அதை வைத்துப் போட்ட திட்டம், இரண்டையும் கைவிட்டுக் கீழே இறங்கினார்கள். அடிவார முகாமில் உடம்பைத் தேற்றிக்கொண்டு, வேறு திட்டத்தோடு மேலே போனார்கள். ஏறும் பாதையில் கயிறுகளைக் கட்டி விட்டுவிடுவது, இரவானால் அதே கயிற்றில் இறங்கி, பனியை வெட்டித் தட்டையாக்கிய இடத்தில் படுப்பது, காலையில் மீண்டும் ஏறுவது. வேகம் குறைந்தது. ஆனால் ராத்திரியில் முதுகு தரையில் பட்டது, ஸ்டவ் ஆடாமல் நின்றது.

1976 அக்டோபர் 15-ம் தேதி இருவரும் சாங்கபாங் உச்சியில் நின்றார்கள். இமயமலைச் சுவர் ஏற்ற வரலாற்றில் இன்றும் பேசப்படும் ஏற்றம் அது.

கீழே வந்ததும் கொண்டாட்டம் இல்லை. பக்கத்து துனகிரியில் அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் இறந்திருந்தார்கள். களைத்துப் போயிருந்த இருவரும் மீண்டும் மேலே ஏறிப் போய், அவர்களை அடக்கம் செய்யும் வேலையைச் செய்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

தூளி கட்டிலானது எப்படி?

தொங்கு படுக்கையின் கதை சாங்கபாங்கோடு முடியவில்லை. துணி மட்டும் போதாது, சுற்றிலும் சட்டம் வேண்டும் என்ற முடிவுக்கு மற்ற ஏறுநர்களும் வந்தார்கள். அப்படி உருவானதுதான் போர்ட்டாலெட்ஜ். அலுமினியக் குழாயில் நீள்சதுரச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய துணி, மூலைகளிலிருந்து கிளம்பி மேலே ஒரே இடத்தில் சேரும் பட்டைகள், மேலே போர்த்தும் கூடாரத் துணி. சுருக்கமாகச் சொன்னால் தூளிக்குப் பதில் தொங்கும் கயிற்றுக் கட்டில். தோள் மடங்காது, ஸ்டவ் வைக்கலாம், இரண்டு பேர் சேர்ந்து படுக்கலாம். ஏறும்போது குழாய்களைக் கழற்றி மூட்டையாகக் கட்டிவிடலாம்.

அதுவும் ஒரே நாளில் சரியாகவில்லை. 1986-ல் ஜான் மிடென்டார்ஃபும் இரண்டு நண்பர்களும் அதே ஹாஃப் டோம் தெற்குச் சுவரில் புயலில் மாட்டியபோது, அவர்களின் போர்ட்டாலெட்ஜ் தாக்குப்பிடிக்கவில்லை. மூவரும் மீட்கப்பட்டார்கள். அதன்பிறகு மிடென்டார்ஃப் சொந்தமாகத் தயாரிப்பில் இறங்கி, காற்றில் வளையாத சட்டம், தண்ணீர் புகாத கூடாரத் துணி என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

அந்த மாற்றத்தின் பலன் இந்தியாவிலும் தெரிந்தது. உத்தரகாண்டின் மேரு சிகரத்தில் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனன் ஓஸ்டர்க் மூவரும் 2008-ல் 19 நாள் போராடி, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே இருந்து திரும்பினார்கள். அந்த முயற்சியில் பல நாள் புயலை அவர்கள் கழித்தது சுவரில் தொங்கிய போர்ட்டாலெட்ஜுக்குள். 2011-ல் மீண்டும் வந்து உச்சியைத் தொட்டார்கள்.

டாஸ்கருக்கு என்ன ஆனது?

சாங்கபாங்குக்குப் பிறகு டாஸ்கர் நிற்கவில்லை. 1979-ல் போர்ட்மேன், டக் ஸ்காட் ஆகியோரோடு ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் கஞ்சன்ஜங்கா ஏறினார். 1981-ல் சீனாவின் கொங்கூர் சிகரத்தை முதன்முதலில் தொட்ட நால்வரில் ஒருவரானார்.

1982-ல் எவரெஸ்டின் வடகிழக்கு முகடு. பழைய கூட்டாளி ரென்ஷாவும் குழுவில் இருந்தார். உயரத்தில் அவருக்குப் பக்கவாதத் தாக்குதல் வந்ததால் பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. மே 17-ம் தேதி மாலை, 8,000 மீட்டருக்கு மேல், டாஸ்கரும் போர்ட்மேனும் ஏறிக்கொண்டிருந்ததைக் கீழே இருந்தவர்கள் தொலைநோக்கியில் பார்த்தார்கள். அதன்பிறகு இருவரையும் உயிரோடு யாரும் பார்க்கவில்லை. டாஸ்கருக்கு 34 வயது முடிந்து ஐந்து நாள். போர்ட்மேனுக்கு 31. போர்ட்மேனின் உடல் பத்து வருடம் கழித்து 1992-ல் கண்டெடுக்கப்பட்டது.

கிளம்பும் முன் டாஸ்கர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சாவேஜ் அரீனா புத்தகம் அதே வருடம் வெளியானது. போர்ட்மேன் சாங்கபாங் ஏற்றம் பற்றி எழுதிய தி ஷைனிங் மவுண்டன் 1978-லேயே வந்திருந்தது. இருவரின் பெயரிலும் மலை இலக்கியத்துக்கான போர்ட்மேன் டாஸ்கர் பரிசு இப்போதும் வழங்கப்படுகிறது.

இன்று ஒருவர் சுவரில் போர்ட்டாலெட்ஜ் விரித்து, ஸ்டவ் பற்றவைத்து, முதுகை நிமிர்த்திப் படுக்கிறார் என்றால், அதற்கு முன்னால் தூளியில் தோள் மடங்கிக் கிடந்த பலரின் ராத்திரிகள் இருக்கின்றன. சால்ஃபோர்டு கிடங்கில் உறைந்த உணவுப் பெட்டிகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டு படுத்த அந்த இரண்டு பேரின் ராத்திரிகளும் அதில் சேரும்.